ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய கோடு

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் அக்காவைக் கட்டிய அத்தான் அவனை 'எக்ஸ்பயரி' என்று கூப்பிட ஆரம்பித்த நாளிலிருந்து அந்தப் பெயர் வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் என்றாகிவிட்டது. இருமல் மருந்து பாட்டிலில் 'இந்தத் தேதிக்குப் பிறகு பயன்படுத்தாதீர்கள்' என்று போட்டிருக்கும் இல்லையா, அவன் கம்பெனியில் அந்தத் தேதியைச் சொல்கிறவன் அவன்தான். ஜோசியம் ஒன்றும் இல்லை. புதிதாகத் தயாரித்த மருந்தைக் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும் ஓர் அறையில் அடுக்கி வைப்பார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு பாட்டிலை எடுத்துத் திறந்து, வீரியம் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார்கள். அந்த எண்களை அவன் கணினியில் ஏற்றினால் திரையில் புள்ளிகள் விழும். புள்ளிகளுக்கு நடுவே ஒரு நேர்கோட்டைப் பொருத்தச் சொன்னால் மென்பொருள் பொருத்தித் தரும். நீட்டச் சொன்னால், இன்னும் வராத மாதங்களுக்குள்ளும் நீட்டித் தரும். இறங்கி வரும் கோடு தொண்ணூறு சதவீதத்தைத் தொடும் இடத்தில் மருந்தின் ஆயுள் முடிந்தது.

வேலையில் ஆள் கறார். அதை நாலு மேஜைக்குக் கேட்கிற மாதிரிதான் காட்டுவான். ஒருநாள் பக்கத்து இருக்கைக்காரி ஒரு வரைபடத்தோடு வந்தாள். எல்லாப் புள்ளியும் ஒழுங்காக உட்கார்ந்திருக்க, ஒன்று மட்டும் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

"சார், இந்த ஒண்ண மட்டும் மறைச்சுட்டா கோடு அழகா வருது. அன்னைக்கு மெஷின் கொஞ்சம் மக்கர் பண்ணுச்சு."

"மெஷின் மக்கர் பண்ணினதுக்குச் சாட்சி இருக்கா?"

"இல்ல சார், ஆனா..."

"இல்லன்னா புள்ளி இருக்கும். நமக்குப் பிடிக்காத புள்ளிய மறைக்கிறதுன்னா அதுக்கு எதுக்கு மருந்தைச் சோதிக்கணும்? நேரா லேபிள அடிச்சுட்டுப் போகலாமே! எவனோ ஒருத்தன் வீட்டுப் பிள்ளை குடிக்கப் போற மருந்தும்மா இது!"

நாலு மேஜையும் திரும்பிப் பார்த்தது. அவள் முகம் சிறுத்துப் போய்த் திரும்பினாள். அவன் மீசையைத் தடவிக்கொண்டு தேநீர் குடிக்கப் போனான். அந்தத் தேநீரை நினைத்தால் இப்போதும் அவனுக்குக் காது சூடாகிறது.

அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதாகி வருகிறது என்று தெரிந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையிலும், இரண்டும் சேர்ந்து எத்தனை சதவீதம் வேலை செய்கின்றன என்று ஓர் எண் வரும். அது பதினைந்துக்குக் கீழே போனால் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லை, யாராவது ஒரு சிறுநீரகம் கொடுக்க வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை நோய். அத்தானின் ரத்தம் சேரவில்லை. அவனுடையது சேர்ந்தது. முடிவு வந்த அன்று அம்மா அவன் தலையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். அத்தான், "எங்க எக்ஸ்பயரி இருக்கறப்ப எங்களுக்கு என்ன கவலை!" என்று அவன் தோளில் ஓங்கி அடித்தார். கொடுப்பாயா என்று அவனை யாரும் கேட்கவே இல்லை. தம்பி ஆயிற்றே!

அவனும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். ஆனால் கொடுக்காமல் தப்பிக்க வழி தேடினான்.

பயந்தாங்கொள்ளி என்பதைத் தவிர அவனுக்கு வேறு சாக்குப்போக்கு கிடையாது. மனைவியாவது தடுப்பாள் என்று பார்த்தான். "இதுல யோசிக்க என்ன இருக்கு? குடுங்க. நான் பாத்துக்கறேன்" என்று அவள் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். அலுவலகத்தில் லீவு கேட்டுப் பார்த்தான், அவர்களும் தாராளமாகத் தருகிறோம் என்றார்கள். எல்லோரும் இப்படி நல்லவர்களாக இருந்தால் ஒரு மனிதன் எங்கேதான் போய் ஒளிந்துகொள்வது? சின்ன வயதிலிருந்தே ஊசியைக் கண்டால் அவனுக்குக் கண் இருட்டும். பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்தபோது வாசல் கதவுக்குப் பின்னால் பதுங்கியவனை, "இவனுக்குப் போட்டாச்சு சிஸ்டர்" என்று வாய் கூசாமல் பொய் சொல்லிக் காப்பாற்றியவள் அக்காதான். அப்பேர்ப்பட்டவனைக் கத்தியால் கீறி, உள்ளே கை விட்டு, ஒன்றை எடுத்துக்கொண்டு தைப்பார்கள் என்றால்!

கடைசியாகப் பார்த்தபோது மருத்துவர், "கொஞ்சம் வேகமா இறங்குது, கொடுக்கிறவருக்கான சோதனைகளை ஆரம்பிச்சுடலாம்" என்று சொல்லியிருந்தார். அத்தானுக்கு மனசு கேட்கவில்லை. ரிப்போர்ட்டுகளை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார்.

"டாக்டருங்க எப்பவும் பயமுறுத்தத்தான் செய்வாங்க. நீ கோடு போடறவன்தானே? போட்டுப் பாரு. எவ்வளவு நாள் இருக்குன்னு நாமளும் தெரிஞ்சுக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தான். எண்களை ஏற்றினான். நாற்பத்தொன்றில் ஆரம்பித்த புள்ளிகள் படிக்கட்டு மாதிரி நிதானமாக இறங்கி முப்பத்துமூன்றுக்கு வந்தன. கடைசி இரண்டு மட்டும் தொப்பென்று கீழே விழுந்திருந்தன. கோட்டைப் பொருத்தி நீட்டினான். ஒரு வருடம்கூடத் தாங்காது என்றது.

அந்த இரண்டில் முதலாவது எடுத்தபோது அக்காவுக்குக் காய்ச்சல். காய்ச்சல் இருந்தால் எண் குறைச்சலாகக் காட்டலாம். சரி, அதற்கு ஒரு நியாயம் கிடைத்தது. அந்தப் புள்ளியைச் சொடுக்கி 'மறை' என்றான். கோடு சற்று நிமிர்ந்தது. போதவில்லை. இரண்டாவதைப் பார்த்தான். அதற்கு முதல் நாள் அக்கா வெளியூர் போய் வந்தாளே, வெயிலில் தண்ணீர் குடித்திருக்க மாட்டாள். குடித்தாளா இல்லையா என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதையும் மறைத்தான்.

கோடு படக்கென்று நிமிர்ந்து, வலது பக்கம் சாவகாசமாக நடந்துபோய், நாலாவது வருடத்தில்தான் பதினைந்தைத் தொட்டது. பொருத்தம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று காட்டும் எண்கூட நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்று சான்றிதழ் கொடுத்தது. கோடு நீள நீள அதன் இரண்டு பக்கமும் விரிந்துகொண்டே போகும் ஒரு நிழல் உண்டு, 'இதற்கு மேல் எனக்கு நிச்சயமில்லை' என்று மென்பொருள் தன் பங்குக்குச் சொல்லி வைப்பது. அலுவலகத்தில் அந்த நிழல் இல்லாமல் ஒரு வரைபடத்திலும் கையெழுத்துப் போட மாட்டான். கையில் இருக்கும் எண்களைத் தாண்டி ஒரு வருடத்துக்கு மேல் நீட்டவும் விடமாட்டான். வீட்டில் இருப்பவர்கள் குழம்பிப் போவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நிழலையும் அணைத்தான்.

பிறகு மூச்சு விட்டான். அதுதான் அவனுக்கு மறக்கவில்லை, அந்த மூச்சு. அவ்வளவு நிம்மதியான மூச்சு. மனைவியிடம் தேநீர் கேட்டு வாங்கி, ரசித்துக் குடித்தான்.

கலரில் அச்செடுத்து மறுநாள் சாயங்காலம் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனான். "நாலு வருஷம் இருக்கு. இப்ப அவசரப்பட்டு அறுத்துக்கத் தேவையில்ல" என்றான். 'அறுத்துக்க' என்பதை வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தான், குரல் ஒத்துழைக்கவில்லை. அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. "நாலு வருஷமா! அதுக்குள்ள புதுசா மருந்தே கண்டுபிடிச்சுடுவான்டா" என்று அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்காத குறை.

அக்கா அந்தத் தாளைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். விரலால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டே போனாள். கடைசிப் புள்ளியில் விரல் நின்றது.

"இவ்வளவுதானா?"

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லடா. அழகா போட்டிருக்க" என்றவள், எழுந்து போய் ஒரு காந்தத்தை வைத்து அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஆபரேஷன் பேச்சே அடிபடவில்லை. உறவுக்காரர்கள் யாராவது, "எப்பம்மா ஆபரேஷன்? தம்பி குடுக்கிறதாச் சொன்னாங்களே" என்று இழுத்தால், அக்கா ஃப்ரிட்ஜைக் காட்டிவிடுவாள். "அதெல்லாம் இன்னும் நாலு வருஷம் இருக்கு. தம்பியே கணக்குப் போட்டுட்டான். அவன் சொன்னா மருந்துக் கம்பெனியே கேக்குது, நமக்கென்ன?" அம்மா தொணதொணத்தாலும் அதே பதில். மருத்துவரிடம் போய் வருவதைக்கூட அவள் தனியாகவே வைத்துக்கொண்டாள். அத்தான் கேட்டால், "ஒண்ணும் சொல்லல, அப்படியேதான் இருக்காம்" என்பாள். அத்தானுக்கும் நம்பத்தான் ஆசை. ஆனந்தமாக நம்பினார். சமையலறைச் சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்தார், மொட்டைமாடியில் நின்று பாட்டெல்லாம் பாடினார்.

அவனுக்குத்தான் அந்த ஃப்ரிட்ஜ் எமனாகிவிட்டது. அக்கா வீட்டில் தாகம் எடுத்தால் குழாயைத் திறந்து குடித்தான். "ஏன்டா, ஜில்லுனு இருக்கே" என்று அத்தான் கதவைத் திறக்கும்போதெல்லாம் தாள் படபடக்கும். இவன் ஜன்னலைப் பார்ப்பான். 'புது ரிசல்ட் வந்தா குடுக்கா, புள்ளி வெக்கறேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அக்காவும் கொடுக்கவில்லை. கொடுக்காத வரை நல்லது என்று வாயை மூடிக்கொண்டிருந்தான். அவள் கால் வீங்கியதைப் பார்த்தான், வெயில் என்றான். மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்ததைப் பார்த்தான், வயசாச்சு என்றான். நாற்பத்தாறு ஒரு வயதா?

இப்படியே மாதங்கள் போய்க்கொண்டிருக்கையில், ஒருநாள் காலையில் அக்காவுக்கு மூச்சுத் திணறியது. ஆம்புலன்ஸ் வைத்துக் கொண்டுபோனார்கள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. கழுத்தில் குழாய் போட்டு இயந்திரத்தோடு இணைத்தார்கள். ஆபத்து தாண்டிய பிறகு மருத்துவர் அத்தானையும் அவனையும் அறைக்குள் அழைத்தார். நறுக்கென்று பேசுகிற அம்மாள்.

"ஏழு சதவீதம். ஒவ்வொரு தடவையும் சொன்னேனே, தம்பியைக் கூட்டிட்டு வாங்க, சோதனைகளை ஆரம்பிக்கலாம்னு? அடுத்த மாசம் அடுத்த மாசம்னே தள்ளிக்கிட்டு இருந்தாங்க. வீட்டுல யாரும் கேக்க மாட்டீங்களா?"

அத்தான் ஒன்றும் புரியாமல் விழித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து மேஜைமேல் விரித்தார். ஓடி வரும் அவசரத்திலும் அதை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வந்திருக்கிறார், சரியான மருந்துச் சீட்டு என்பதுபோல.

"நாலு வருஷம் இருக்குன்னு இதுல இருக்கே டாக்டர். என் மச்சான்தான் போட்டான். இவன் வேலையே இதுதான்."

மருத்துவர் தாளைப் பார்த்தார். தன் திரையைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"இதைப் போட்ட தேதிக்கு முன்னாடியே இன்னும் ரெண்டு ரிசல்ட் இருக்கே. இருபத்தேழு, இருபத்துமூணு. அதைக் காணோமே?"

அவன் வாய் திறந்தது. "அது வந்து... காய்ச்சல்..."

"ரெண்டு தடவையுமா?"

அப்போதுதான் அத்தான் தன் நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டார்.

"என் தப்புதான் டாக்டர். ரிப்போர்ட்டையெல்லாம் கவர்ல போட்டுக் குடுத்தது நான்தான். அந்த ரெண்டையும் வெக்க மறந்திருப்பேன். இவன் இதுலயெல்லாம் தப்பே பண்ண மாட்டான், ஒரு புள்ளி விடமாட்டான். நான்தான்... ஐயோ, நானே அவளை..."

இந்த இடத்தில் ஒரு மனிதன் பேச வேண்டும். மனிதனாக இருந்தால். அவன் மேஜைமேல் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அத்தான் மூக்கை உறிஞ்சினார், மருத்துவர் கோபம் தணிந்து அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அப்போதும் அவன் பேசவில்லை. பக்கத்து இருக்கைக்காரியின் சிறுத்த முகம் எங்கிருந்தோ வந்து எதிரே நின்றது.

"இன்னைக்கே தம்பியோட ரத்தத்தை எடுத்துடலாம். வெளியில இருங்க, நர்ஸ் கூப்பிடுவாங்க" என்றார் மருத்துவர்.

அத்தான் வராந்தா பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவன் அக்காவைப் பார்க்க உள்ளே போனான். கட்டிலுக்குப் பக்கத்தில் இயந்திரம் ரத்தத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. குழாயைப் பார்த்ததும் அவனுக்குக் கண் இருட்டியது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"உக்காருடா, விழுந்து வெக்காத" என்றாள் அக்கா. அந்த நிலையிலும் சிரித்தாள். "டாக்டர் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"அத்தான்தான் சொன்னாரு. ரெண்டு ரிப்போர்ட்ட அவர்தான் வெக்க மறந்துட்டாராம்."

அக்கா சிரிப்பை நிறுத்தினாள். "நீ சும்மா இருந்தியா?"

அவன் தலை குனிந்தான். அவள் குழாய் இல்லாத கையைத் தூக்கி முழங்கைப் பக்கம் காட்டினாள். ஊசி குத்திக் குத்திக் கன்றிப் போயிருந்தது.

"அந்தத் தாள்ல இருக்கற ஒவ்வொரு புள்ளிக்கும் இங்க ஒரு குத்து வாங்கியிருக்கேன். எத்தனை குத்துனு எனக்குத் தெரியாதா? நீ கொண்டுவந்து குடுத்த அன்னைக்கே தெரியும்டா."

அவனுக்குக் கட்டில், சுவர், இயந்திரம் எல்லாம் ஒரு கணம் தள்ளிப் போய் நின்றன. "ஏன்க்கா கேக்கல?"

"கேட்டா குடுத்திருப்ப. நடுங்கிக்கிட்டே வந்து குடுத்திருப்ப. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? ஒரு தாளைப் போட்டு அதுக்குப் பின்னாடி ஒளியற அளவுக்குப் பயந்திருக்கியே. அதான் எல்லாரும் பாக்கற மாதிரி ஒட்டினேன். யாரும் உன்னை வந்து பிடுங்கக் கூடாதுன்னு." மூச்சு வாங்கி, நிறுத்தி, மறுபடி சொன்னாள். "தானா பயம் தெளிஞ்சு வருவேன்னு பாத்தேன்."

அவன் அழுதான். அழுவதற்குக்கூட யோக்கியதை இல்லை என்று தோன்றியது, இருந்தும் அழுதான்.

"குடுக்கறேன்க்கா."

"வெக்கத்துல குடுக்காத."

"பயம் போகல. ஆனா குடுக்கறேன்."

"அதை அப்புறம் பாக்கலாம். மொதல்ல வெளிய போய் அந்த மனுஷன்கிட்டச் சொல்லு. உனக்காக நான் பொய் சொன்னேன், அது என்னோட இருக்கட்டும். செய்யாத தப்பை அவர் ஏன் சுமக்கணும்?"

வராந்தாவில் அத்தான், வீட்டிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்துக் கொட்டித் தாள் தாளாகப் புரட்டிக்கொண்டிருந்தார். அவனைக் கண்டதும் நகர்ந்து இடம் கொடுத்தார். "ரெண்டும் இங்கதான்டா இருக்கு. அப்புறம் எப்ப எடுத்து வெச்சேன்னு தெரியலையே. எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு."

அவன் உட்காரவில்லை. "அன்னைக்கும் கவர்லதான் இருந்துச்சு அத்தான். நான்தான் மறைச்சேன்."

"என்னது?"

"ரெண்டு புள்ளியையும் நான்தான் மறைச்சேன். அதைச் சேத்தா ஒரு வருஷம்கூட இல்லன்னு வந்துச்சு. ஆபரேஷனுக்குப் பயந்துட்டேன்."

அத்தான் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அவனை அடிப்பார் என்று நினைத்தான். அடித்திருந்தால் தேவலை.

"அவளுக்குத் தெரியுமா?"

"மொதல் நாள்லேருந்தே தெரியுமாம்."

அத்தான் தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினார். அடுக்கியதை மறுபடி கலைத்தார். சுவருக்கு வெள்ளையடித்தவர், மாடியில் பாடியவர். பேசியபோது குரலில் கோபமே இல்லை.

"அப்ப, நாலு வருஷம்னு நம்பிக்கிட்டு இருந்தது நான் ஒருத்தன்தானா?"

மன்னிப்பு என்ற வார்த்தை வாய்வரை வந்து, இந்தக் கேள்விக்கு முன்னால் அது எந்த மூலைக்கு என்று திரும்பிப் போய்விட்டது.

கதவு திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். கையில் ரத்தம் எடுக்கும் தட்டு. "சிறுநீரகம் கொடுக்கறவர் யாருங்க?"

எப்போதும் இந்த மாதிரிக் கேள்விக்கு அத்தான்தான் முந்திக்கொள்வார், 'இவன்தான், எங்க எக்ஸ்பயரி' என்று தோளில் ஒரு தட்டுத் தட்டி. இப்போது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்" என்றான் அவன்.

"யாரு? கேக்கல."

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இன்னொரு முறை சொன்னான்.